பாதியில் நின்ற மாப்பிள்ளைப் படம்

அன்னைக்கு டென்ட் கொட்டாய்க்குப் போனவங்க இவங்கதான். நான். என் வீட்டுக்காரர். அவருக்கு மூத்தவர், எனக்கு மூத்தார் முறை. மூத்தாரோட சம்சாரம், எனக்கு ஓரகத்தி, அக்கான்னுதான் கூப்பிடுவேன். எங்க மாமியார். அக்காவோட மகன், நாலு வயசு. படகு ஏறினதுமே தூங்கிட்டான். எனக்கு அப்போ பிள்ளை இல்லை.

எங்க குப்பம் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் மணல் திட்டில் இருந்தது. பழவேற்காட்டுக்குப் போகணும்னா ஏரியைத் தாண்டணும். டென்ட்டை டச்சுக்காரன் கல்லறைக்குப் பக்கத்துப் பொட்டலில் போட்டிருந்தான். கல்லறை வாசலில் இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, கல்லில் செதுக்கின எலும்புக்கூடு இருக்கும். அதைப் பார்த்து மூத்தார், "தம்பி, இதுல நீ எதுடா?"ன்னார். என் வீட்டுக்காரர், "தொப்பை இருக்கிறது நீ"ன்னார். எலும்புக்கூட்டுக்கு ஏது தொப்பை. மாமியார் மட்டும், "சாயங்கால வேளையில இன்னாடா பேச்சு இது"ன்னு ரெண்டு பேர் முதுகிலும் போட்டாங்க.

அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே உசரம், ஒரே கறுப்பு, ஒரே நடை. முதுகைப் பார்த்தா யாருக்கும் தெரியாது. முகம் வேற. மூத்தாருக்கு முன்பல் ஒண்ணு இல்லை.

படம் பேசும் படம். பேசும் படம் வந்த புதுசில் எடுத்தது, எங்க ஊருக்கு வரும்போதே கிழடு. திரை பூரா மழை பெய்யற மாதிரி கோடு. எஞ்சின் சோர்ந்தா பொம்பளை பேச்சு ஆம்பளை பேச்சா இறங்கும். படத்தோட பேரு நோட்டீஸில் இருந்தது. எனக்கு அப்போ வாசிக்கத் தெரியாது. அப்புறம் எத்தனையோ கொட்டாய் வந்து போச்சு. அந்தப் படம் திரும்ப வரலை. விவரம் தெரிஞ்சவங்களைக் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு படமே வரலைங்கிறாங்க.

கதை இதுதான். ஒரு ஜமீன்தார் தன் மகளைச் சின்ன வயசிலேயே ஒருத்தனுக்குக் கட்டிக் குடுக்கிறார். அவன் ரங்கூனுக்குப் போயிடறான். வளர்ந்து திரும்பி வர்றான். அதே ரயிலில் அவனை மாதிரியே ஒரு சமையக்காரன் வர்றான். ரெண்டு பேரும் ஒரே நடிகன்தான். ரயிலில் கோட்டு மாறிப் போகுது. கோட்டைப் பார்த்துச் சமையக்காரனை மாப்பிள்ளைன்னு பல்லக்கில் கூட்டிட்டுப் போறாங்க. நிஜ மாப்பிள்ளையை அடுப்படிக்கு அனுப்பிடறாங்க. அவன் அழுதுகிட்டே வெங்காயம் நறுக்கறான். "வெங்காயத்துக்கு இப்படி அழறவன் நல்ல சமையக்காரன்தான்"னு ஜமீன்தார் சம்பளம் பேசறார். டென்ட்டே அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவருக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து வெளியே தூக்கிட்டுப் போனாங்க.

சமையக்காரனை யாராவது "நீ யாரு?"ன்னு கேட்டா அவன் ஒரே பதில்தான் சொல்லுவான். "நீங்க யாருன்னு சொல்றீங்களோ, அவன்தாங்க நான்!" கையைக் கட்டி, குனிஞ்சு சொல்லுவான். நாலாவது தடவை அவன் வாயைத் திறக்கும் முன்னாடியே ஜனம் சொல்லிடுச்சு.

கடைசியில் பஞ்சாயத்து. ரெண்டு பேரையும் நிக்க வைக்கறாங்க. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, "இதுல யாரும்மா உன் புருஷன்?"னு கேக்கறாங்க. அவள் ரெண்டு பேரையும் சுத்திச் சுத்தி வந்து ஒரு பாட்டுப் பாடறாள். பாட்டு முடிஞ்சு சமையக்காரனைக் கை காட்டறாள்.

அக்கா எழுந்தே நின்னுட்டாங்க. "கண்ணவிஞ்சவளே! புருஷனைத் தெரியாதாடி ஒருத்திக்கு?"

பின்னாலிருந்து யாரோ, "உனக்குத் தெரியுமா?"ன்னான்.

"எனக்கு முடிச்சு ஒண்ணு போதும், அவன் யாருன்னு சொல்லிடுவேன்."

எங்க குப்பத்துப் பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. மத்தவங்களுக்குப் புரியலை. விஷயம் என்னன்னா, எங்க பக்கம் அப்போ நூல் வலை. உப்புத் தண்ணியில் மக்காம இருக்க மரப்பட்டையைக் கொப்பரையில் காய்ச்சி, அந்தச் சாயத்தில் வலையை முக்குவோம். வலையை எடுத்தப்புறம் மிச்சச் சாயத்தில் ஆம்பளைங்க கோவணத்தையும் போடுவோம். குப்பத்துக் கோவணம் எல்லாம் ஒரே செம்பழுப்பில் வெளியே வரும். எது யாருதுன்னு தெரிய, ஒவ்வொரு வீட்டுக்காரியும் போடுறதுக்கு முன்னாடி ஓரத்து நூலை இழுத்து ஒரு முடிச்சு போடுவாள். அவள் கை அவளுக்குத் தெரியும். இன்னொருத்தி முடிச்சுப் போட்ட கோவணத்தை எவனும் கட்ட மாட்டான். அது அசிங்கம்.

படத்தில் அந்தப் பொண்ணு கை காட்டின நேரத்தில் காத்து ஏறிச்சு. டென்ட் துணி ஒரு பக்கம் பிச்சுக்கிச்சு. எஞ்சினை நிறுத்திட்டான். படம் அத்தோட நின்னது. காசைத் திருப்பிக் கேட்டவங்களை மேனேஜர், "முக்காவாசி பார்த்தாச்சே, போங்க போங்க"ன்னு விரட்டினான்.

திரும்பி வரும்போது படகில் அண்ணன் தம்பிக்குச் சண்டை.

"முடிவு நிஜ மாப்பிள்ளைக்குத்தான். தாலி கட்னவன் அவன்தானே"ன்னார் என் வீட்டுக்காரர்.

"இன்னாடா தாலி? அஞ்சு வயசுல கட்டினது. சமையக்காரன்தான் பாடினான். பாட்டெல்லாம் அவனுக்கு. அவனுக்குத்தான் பொண்ணு."

"அப்ப நெஜமானவன்?"

"வெங்காயம் நறுக்கட்டும்."

என் வீட்டுக்காரர் துடுப்பை நிறுத்திட்டு, "நாயமா இது? நீயே சொல்லு நைனா"ன்னார். அப்பா இருந்தவரைக்கும் அப்பாவைக் கூப்பிட்டது அப்படி. அப்பா போனப்புறம் அண்ணனை வம்புக்கு இழுக்கும்போது அப்படிக் கூப்பிடுவார். மூத்தார் சிரிச்சார்.

அப்புறம் வாடைக்காத்து விடாம அடிச்சது. யாரும் கடலுக்குப் போகலை. ஏரியிலும் எங்க முறை இல்லை. ஏரியில் அவங்கவங்களுக்குச் சீட்டு விழுந்த நாளில்தான் வலை போடலாம். வீட்டில் அரிசி தீர்ந்தது. குப்பத்தில் பிள்ளைங்க, "நீங்க யாருன்னு சொல்றீங்களோ"ன்னு கத்திக்கிட்டு ஓடிச்சுங்க. கஞ்சி இல்லைன்னாலும் அந்த விளையாட்டு நிக்கலை.

காத்து விட்ட காலையில் எல்லா மரமும் இறங்கிச்சு. மரம்னா கட்டுமரம். எங்க மரத்தில் அண்ணனும் தம்பியும். மதியத்துக்கு மேல் கிழக்கே கறுத்தது. மத்த மரமெல்லாம் திரும்பிடுச்சு. எங்களுது வரலை.

நானும் அக்காவும் மாமியாரும் கரையில் உட்கார்ந்தோம்.

அடுத்தடுத்த நாளும் அங்கேதான். அப்புறம் ஒரு காலையில் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஆள் வந்தது. முகத்துவாரத்தில் உடம்பு ஒண்ணு ஒதுங்கியிருக்கு.

போனோம். முகம் இல்லை. நண்டு தின்னிருந்தது. வாய் இருந்த இடமும் இல்லை. உசரம் அதே உசரம். கறுப்பு அதே கறுப்பு. இடுப்பில் கோவணம் மட்டும் இருந்தது.

குப்பத்துப் பெரியவர் மாமியாரைக் கூட்டிட்டு வந்தார். அவங்க உடம்பு பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சில் கை வெச்சு, "எம் புள்ள"ன்னாங்க.

பெரியவர் குனிஞ்சு, "எந்தப் புள்ள ஆத்தா?"ன்னு கேட்டார்.

"ரெண்டும் எம் புள்ளதான்."

அப்புறம் எல்லாரும் எங்க ரெண்டு பேரையும் பார்த்தாங்க. சுத்தி நின்னவங்களில் பாதிப் பேர் அந்தப் படம் பார்த்தவங்க. எல்லாருக்கும் அந்தப் பஞ்சாயத்து ஞாபகம் வந்தது. எனக்கும் வந்தது.

அக்கா முதலில் போய்க் கோவணத்தோட ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாங்க. அவங்க முடிச்சு ரெட்டை முடிச்சு, ஒரு வால் நீளம். பார்த்துட்டு அப்படியே மணலில் விழுந்தாங்க. பெரியவர் என்னைப் பார்த்தார். நானும் போய்ப் பார்த்தேன். "என் கை இல்ல. அக்கா கை"ன்னேன்.

அதோட முடிஞ்சது. செத்தது மூத்தார்.

எங்க குப்பத்தில் ஒருத்தன் கடலில் செத்தா, அடக்கம் முடியறவரைக்கும் கடலை அடைச்சிடுவாங்க. ஒரு மரம் இறங்காது. அன்னைக்கும் அப்படித்தான். நாப்பது மரத்துக்கு மேல் வரிசையா மணலில் கிடந்தது. சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒறம்பரை, சொந்தமெல்லாம் வந்தது. பழவேற்காட்டில் மீன் எடுக்கிற வியாபாரிங்க வந்தாங்க. ஏரிக்கு அந்தப் பக்கம் நெல் விளைக்கிற ஊரிலிருந்தும், மீனுக்கு நெல் மாத்தற பழக்கத்தில் ஆள் வந்தது. நாலு வயசுப் பையன் தோளில் பானையை வெச்சு, அதைப் பெரியவர் பிடிச்சுக்கிட்டார். தாழைப் புதர் ஓரம் புதைச்சாங்க. எல்லாரும் மூத்தார் பேரைச் சொல்லி அழுதாங்க. நானும் அவர் பேரைச் சொல்லித்தான் அழுதேன்.

காரியத்து அன்னைக்கு அக்காவுக்குத் தாலி எடுத்தாங்க. ஏரித் தண்ணியில் நிக்க வெச்சு எடுத்தாங்க. நான்தான் பின்னால் பிடிச்சிருந்தேன். என் கழுத்துத் தாலி அவங்க முதுகில் இடிச்சது. உள்ளே தள்ளிக்கிட்டேன்.

எனக்கு எடுக்கலை. உடம்பு கிடைக்காதவனோட பெண்டாட்டி ஒரு வருஷம் காத்திருக்கலாம். மாமியார் தினமும் காலையில் என் நெத்தியைப் பார்ப்பாங்க. குங்குமம் இருக்கான்னு பார்ப்பாங்க. "இருக்கான். எங்கியோ இருக்கான்"னு சொல்லுவாங்க. அக்கா மூலையில் உட்கார்ந்திருப்பாங்க. கஞ்சி குடுத்தா குடிப்பாங்க. என் முகத்தைப் பார்க்க மாட்டாங்க. எனக்கு அது புரிஞ்சது.

அப்படியே போச்சு. ஒரு நாள் மதியம் நான் கருவாடு திருப்பிக்கிட்டிருந்தேன். ஏரிக்கரையிலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். பின்னாலேயே ரெண்டு மூணு பேர்.

"ஏ பொண்ணு! உன் புருஷன் வந்துட்டான்டி! உப்புப் படகுல வந்து எறங்கிக்கிறான்!"

"எவன் சொன்னான்?"

"எவன் சொல்லணும்? நாங்க படகுல இருந்தே கண்ணால பார்த்தோம். அந்தக் கரையில நிக்கிறான். அதே நடை. எலும்பும் தோலுமா. கெளம்புடி ஜல்தி!"

அவங்க சொன்னதில் தப்பு இல்லை. போனது ரெண்டு பேர். ஒருத்தரைப் புதைச்சாச்சு. வந்தவன் மத்தவன்தானே. நானும் அப்படித்தான் நெனைச்சேன். ஒருத்தி என் தலையில் பூ வெச்சாள். இன்னொருத்தி குங்குமத்தைப் பெரிசாத் தீட்டினாள். மாமியார், "நான் சொன்னேன் இல்ல, நான் சொன்னேன் இல்ல"ன்னு படகில் ஏறினாங்க. அக்கா வரலை. கதவோரம் நின்னாங்க.

படகு பாதி ஏரி தாண்டும்போதே ஆள் தெரிஞ்சது. கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தோள் என் வீட்டுக்காரர் தோள். நான் எழுந்து நின்னேன். படகுக்காரன் உட்காரச் சொல்லித் திட்டினான். கரையில் கூட்டம் கூடியிருந்தது. ஒரு போக்கிரி, "யோவ், நீ மாப்பிள்ளையா சமையக்காரனா?"ன்னு கேட்டான். கூட்டம் சிரிச்சது. சந்தோஷச் சிரிப்புத்தான்.

படகு தட்டினதும் இறங்கி ஓடினேன். தண்ணி இடுப்பளவு இருந்தது.

சத்தம் கேட்டு அவர் திரும்பினார். வாயைத் திறந்தார். முன்பல் இல்லை.

"இன்னாம்மா, தம்பி வந்துட்டானா?"ன்னார்.

நான் நின்ன இடத்திலேயே நின்னேன். மாமியார் என்னைத் தாண்டிப் போய் அவரைக் கட்டிக்கிட்டாங்க. அழுதாங்க. எதுக்கு அழுதாங்கன்னு கேக்க முடியாது.

கூட்டத்துக்குப் புரிய நேரம் ஆச்சு. புரிஞ்சப்புறம் ஒவ்வொருத்தரா நழுவினாங்க.

அவர் சொன்னது இவ்வளவுதான். மரம் கட்டின கயிறு அறுந்து கட்டை தனித்தனியாப் போச்சு. ரெண்டு பேரும் ஒரே கட்டையைப் பிடிச்சாங்க. "அவன் கட்டியிருந்தது அலையில போயிடுச்சு. அந்த நேரத்துலயும் அம்மணமா கரையேறணுமேன்னு வெக்கப்பட்டான். பொம்பளைங்க நிப்பாங்க நைனான்னான். நான் என்னுதை அவுத்துக் குடுத்தேன். எனக்குத் தலைத்துண்டு இருந்துச்சு, சுத்திக்கிட்டேன். அண்ணி முடிச்சு போட்டது, வேணாம்னான். கட்டுடான்னு நான்தான் அதட்டினேன். விடிஞ்சு பார்த்தா கட்டையில நான் மட்டும்தான்." ஒரு பாய்மரக் கப்பல் அவரைத் தூக்கி வடக்கே ஏதோ தெலுங்கு ஊரில் விட்டிருக்கு. காய்ச்சல். எழுந்து நடக்க முடிஞ்சதும் கால்வாய் வழியா வர்ற உப்புப் படகில் ஏறி வந்திருக்கார்.

நான் அப்போ ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "கட்டும்போது உசுரோட இருந்தாரா?"

"பேசினான்மா. வீட்டுக்குப் போனதும் படத்தோட முடிவைக் கேட்டுச் சொல்லணும்னான்."

அவரை நேரா வீட்டுக்குள் விடலை. காரியம் முடிஞ்சவன் வாசல் ஏறக்கூடாது. பெரியவங்க கூடிப் பேசினாங்க. அவர் புதுசாப் பிறக்கணும்னாங்க. மாமியார் அவரை மணலில் உட்கார வெச்சு, கைக்குழந்தைக்கு ஊத்தற மாதிரி மஞ்சத் தண்ணி ஊத்தினாங்க. நாக்கில் சக்கரைத் தண்ணி வெச்சாங்க. பழைய பேர் மண்ணுக்குப் போயிடுச்சு, வேற பேர் வைக்கணும்னாங்க. பெரியவர் ஒரு பேரைச் சொல்லி, "இனி நீ இவன். சரியா?"ன்னு கேட்டார்.

மூத்தார் குனிஞ்ச தலை நிமிரலை. "நீங்க யாருன்னு சொல்றீங்களோ, அவன்தான் நான்"ன்னார்.

யாரும் சிரிக்கலை.

அப்புறம் அக்காவுக்குத் திரும்பத் தாலி கட்டினார். பையன் அப்பன் கல்யாணத்தில் அப்பன் மடியில் உட்கார்ந்திருந்தான். நல்ல காரியம் முதலில் முடியட்டும்னு என்னுதைத் தள்ளி வெச்சிருந்தாங்க. மூணாம் நாள் எனக்குத் தாலி எடுத்தாங்க. அக்காதான் பின்னால் பிடிச்சிருந்தாங்க.

ஆனா என் மனசு ஆறலை. அழுதாங்க, புதைச்சாங்க, கடலை அடைச்சாங்க. எல்லாம் வேற பேரில். என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி ஒருத்தர் அழலை. அவர் செத்ததுக்குன்னு ஒரு மரம் நிக்கலை. பெரியவர் வீட்டுக்குப் போனேன். அங்கே நாலைஞ்சு பேர் வலை கட்டிக்கிட்டிருந்தாங்க.

"அவருக்குக் கடலை அடைக்கணும்"னேன்.

"அடைச்சோமே பொண்ணு."

"அது மூத்தாருக்கு."

"ஒடம்பு ஒண்ணுதானே. அந்த ஒடம்புக்குத்தான் அடைச்சது. ஒரு ஒடம்புக்கு ரெண்டு தடவை அடைக்கிற வழக்கம் எங்க பாட்டன் காலத்துலயும் இல்ல."

வலை கட்டிக்கிட்டிருந்த ஒருத்தன், "இன்னா பேஜாரு இது? இப்பத்தான் கானாங்கெளுத்தி மேல வருது. புள்ளைங்க சோறு பார்த்து எவ்ளோ நாளாச்சு"ன்னான். அவன் சொன்னதும் பொய் இல்லை.

"குப்பமே அழுதுச்சு. நான் இல்லைங்கல. யாருக்கோ அழுதுச்சு"ன்னேன்.

"அழுதது அழுததுதான். செத்தவனுக்குத் தெரியாதா, தனக்குத்தான்னு?"

"செத்தவருக்குத் தெரியுமோ இல்லையோ. எனக்குத் தெரியும்."

பெரியவர் கடைசியில், "அடைக்க மாட்டோம். நாளைக்கு நீ பால் ஊத்திக்கோ. எறங்க வேணாம்னு எவனுக்குத் தோணுதோ அவன் நிக்கட்டும். போறவனை நான் தடுக்க மாட்டேன், நிக்கிறவனை நான் கேக்க மாட்டேன்"ன்னார்.

விடிகாலையில் தாழைப் புதர் ஓரம் போனோம். மாமியார் வந்தாங்க. அக்கா வந்தாங்க. மூத்தார் தன்னோட குழி பக்கத்தில் நின்னார், தம்பி பேரைச் சொன்னார். நான் பால் ஊத்தினேன். மணல் உடனே குடிச்சிடுச்சு. கரையிலிருந்து மரம் தள்ற ஆளுங்க குரல் வந்துகிட்டே இருந்தது. அது ஓயறவரைக்கும் நான் திரும்பலை.

ஓய்ஞ்சதும் கரைக்கு நடந்தேன். கடல் பூரா மரம். மணலில் இறங்காம கிடந்ததை எண்ணினேன்.

மூணு.